இந்தியாவில் போட்டிச் சட்டத்தின் வரலாறு

போட்டிச் சட்டம் என்பது, சந்தையில் விற்பவர்கள் தங்களுக்குள் போட்டியிட்டே விலையையும் தரத்தையும் அமைத்துக்கொள்ளும் நிலையைக் காக்கும் சட்டமாகும். விற்பவர்கள் கூடிப் பேசி விலையை உயர்த்துவது, சந்தையில் வலுவாக உள்ள ஒருவர் அந்த வலிமையைத் தவறாகப் பயன்படுத்துவது, போட்டி நிறுவனங்கள் ஒன்றாக இணைந்து போட்டியையே இல்லாமல் செய்வது ஆகிய மூன்றையும் இச்சட்டம் கண்காணிக்கிறது. இந்தியாவில் இப்பணியைச் செய்யும் அமைப்பு இந்தியப் போட்டி ஆணையம் ஆகும். இதன் தலைமையகம் புதுதில்லியில் உள்ளது.

இத்துறையில் இந்தியாவில் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, 1969 ஆம் ஆண்டின் முற்றுரிமை மற்றும் வாணிபக் கட்டுப்பாட்டு நடைமுறைகள் சட்டம். எம்.ஆர்.டி.பி. சட்டம் என்ற சுருக்கப் பெயரால் இது பரவலாக அறியப்படுகிறது. இரண்டாவது, 2002 ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். முதல் சட்டம் ஒரு நிறுவனம் எவ்வளவு பெரியது என்று கேட்டது. இரண்டாவது சட்டம் அந்த நிறுவனம் என்ன செய்தது என்று கேட்கிறது. முதல் கேள்விக்குக் கணக்குப் புத்தகமே விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குச் சான்று வேண்டும். சான்றுக்கு விசாரணை வேண்டும். விசாரணைக்குக் காலம் வேண்டும். இந்தியப் போட்டிச் சட்டத்தின் சாதனைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த மாற்றத்திலிருந்து பிறந்தவையே.

பழைய வேர்கள்

வணிகர்கள் கூடிப் பேசி விலையை ஏற்றுவது குற்றம் என்ற எண்ணம் புதியதன்று. கௌடில்யரின் அர்த்தசாத்திரம், வணிகர்கள் ஒன்றுகூடிச் சரக்கை விற்காமல் தடுத்தாலோ விலையை உயர்த்தி விற்றாலோ 1,000 பணம் தண்டம் விதிக்க வேண்டும் என்கிறது.

நவீன காலத்தில் இதற்கெனத் தனிச் சட்டம் வட அமெரிக்காவில் தோன்றியது. கனடா 1889இல் ஒரு சட்டம் இயற்றியது. 1890இல் அமெரிக்காவில் ஷெர்மன் சட்டம் வந்தது. எண்ணெய், இருப்புப்பாதை, சர்க்கரை போன்ற தொழில்கள் சில குழுமங்களின் கைக்குள் சென்றதே அதற்குக் காரணம். அச்சட்டத்தின்கீழ் 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தைப் பிரிக்க ஆணையிட்டது. அது 34 நிறுவனங்களாகப் பிரிந்தது.

இந்தியா வேறொரு வழியாக இந்த இடத்துக்கு வந்தது. இங்கே சட்டத்தின் தொடக்கப் புள்ளி அரசமைப்பின் 39 ஆம் உறுப்பு. செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுமக்களுக்குக் கேடு விளைவிக்கும் வகையில் ஓரிடத்தில் குவியாதபடி அரசு தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்று அவ்வுறுப்பு கூறுகிறது. ஆகவே இந்தியாவின் முதல் அக்கறை விலையைப் பற்றியதாக இல்லாமல், பொருளாதார அதிகாரக் குவிப்பைப் பற்றியதாக இருந்தது.

முற்றுரிமை விசாரணை ஆணையம்

ஐந்தாண்டுத் திட்டங்களின் பயன் யாருக்குச் சென்றது என்ற கேள்வி 1960களின் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் எழுந்தது. வருமானப் பகிர்வை ஆராய பி.சி. மகலனோபிஸ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1964 ஏப்ரலில் முற்றுரிமை விசாரணை ஆணையம் நியமிக்கப்பட்டது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.சி. தாஸ் குப்தா அதன் தலைவர்.

1965இல் அறிக்கை வந்தது. வங்கி அல்லாத தனியார் நிறுவனங்களின் மொத்தச் சொத்தில் 46.9 விழுக்காடு, 75 வணிகக் குழுமங்களின் கையில் இருந்ததாக ஆணையம் கண்டறிந்தது. அக்குழுமங்களின்கீழ் 1,536 நிறுவனங்கள் இருந்தன. இதற்கென ஒரு சட்ட வரைவையும் ஆணையமே தயாரித்து அளித்தது.

அதே காலத்தில் பொருளியலாளர் ஆர்.கே. ஹசாரி, தொழில் உரிம முறை நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதைத் திட்டக் குழுவுக்காக ஆராய்ந்தார். பெரிய குழுமங்கள் ஒரே பொருளுக்குப் பல உரிமங்களைக் கோரிப் பெற்றன. பெற்றவற்றில் பலவற்றைப் பயன்படுத்தாமலே வைத்திருந்தன. நாட்டின் தேவைக்கு இவ்வளவு உற்பத்திதான் வேண்டும் என்று அரசு ஓர் எல்லை வகுத்திருந்ததால், உரிமத்தைக் கையில் வைத்திருப்பதே புதிதாக வருபவரைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது. குவிப்பைத் தடுக்க ஏற்பட்ட உரிம முறையே குவிப்புக்கு உதவியது என்பது அவருடைய ஆய்வின் சாரம்.

இந்த முறையை அரசியல் மேடையில் கடுமையாக எதிர்த்தவர் இராஜாஜி. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய அவர், இதனை 'பெர்மிட், லைசென்ஸ் ராஜ்யம்' என்று சாடினார். ஆனால் அன்றைய அரசு ஹசாரி காட்டிய குறைக்கு வேறொரு மருந்தைத் தேர்ந்தெடுத்தது. உரிம முறையைத் தளர்த்தாமல், பெரிய நிறுவனங்களுக்கு மேலும் ஒரு கட்டுப்பாட்டை விதித்தது.

1969 ஆம் ஆண்டுச் சட்டம்

எம்.ஆர்.டி.பி. சட்டம் 1969 டிசம்பரில் நிறைவேறி, 1970 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தன்னுடன் தொடர்புடைய நிறுவனங்களையும் சேர்த்து 20 கோடி ரூபாய்க்குக் குறையாத சொத்துள்ள நிறுவனம், விரிவாக்கம் செய்யவோ புதிய ஆலை தொடங்கவோ மற்றொரு நிறுவனத்துடன் இணையவோ நடுவண் அரசின் முன் அனுமதி பெற வேண்டும். அது தவறு ஏதும் செய்திருக்க வேண்டியதில்லை. பெரியதாக இருந்தாலே போதும். 1985இல் இந்த வரம்பு 100 கோடியாக உயர்த்தப்பட்டது.

நடைமுறையில் மூன்று குறைகள் தெரிந்தன.

முதலாவது, முடிவெடுக்கும் அதிகாரம் ஆணையத்திடம் இல்லாமல் அரசிடம் இருந்தது. பெரும்பாலான விண்ணப்பங்கள் ஆணையத்தின் பார்வைக்கே வராமல் அமைச்சகத்தில் முடிவு செய்யப்பட்டன.

இரண்டாவது, ஆணையத்திடம் தண்டிக்கும் வலிமை இல்லை. ஒரு வாணிப நடைமுறை தவறு என்று கண்டால் அதை நிறுத்தும்படி ஆணையிடலாம்; அதற்காக அபராதம் விதிக்க இயலாது. பல ஆண்டுகள் கூடிப் பேசி விலையேற்றிய ஒரு குழுவுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய தண்டனை, இனி அப்படிச் செய்யாதீர்கள் என்ற ஓர் ஆணை மட்டுமே.

மூன்றாவது, பொதுத்துறை நிறுவனங்கள் 1991 வரை இச்சட்டத்தின் பார்வைக்கு வெளியே இருந்தன. நாட்டின் மிகப் பெரிய முற்றுரிமைகள் பல அரசிடமே இருந்த காலம் அது.

வாங்குபவரின் நிலையைச் சொல்ல நீண்ட விளக்கம் தேவையில்லை. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததும், தொலைபேசி இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்ததும், கார் என்றால் அம்பாசடர் அல்லது பிரீமியர் பத்மினி என்றிருந்ததும் அத்தலைமுறையினர் அனைவரும் அறிந்தவை. சட்டம் பெரியவர்களை வளரவிடாமல் தடுத்தது; ஆனால் சிறியவர்கள் உள்ளே வர வழி திறக்கவில்லை.

இச்சட்டம் பயனற்றுப் போனது என்றும் சொல்லிவிட முடியாது. நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் பரிந்துரைப்படி 1984இல் செய்த திருத்தம், பொய் விளம்பரம், ஏமாற்றுப் பரிசுத் திட்டம் போன்ற முறையற்ற வணிகச் செயல்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வருவதற்கு முன்பே வாங்குபவருக்குக் கிடைத்த ஒரு பாதுகாப்பு இது.

1991க்குப் பின்

1991 ஜூலையில் அறிவிக்கப்பட்ட புதிய தொழிற்கொள்கை, பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்றது. அதே ஆண்டில் எம்.ஆர்.டி.பி. சட்டத்தின் சொத்து வரம்பும் முன் அனுமதி விதிகளும் நீக்கப்பட்டன. சட்டத்தின் முதுகெலும்பே போய்விட்டது. எஞ்சியிருந்த விதிகளோ புதிய சந்தைக்குப் போதவில்லை. விற்பவர்கள் கூடி விலை வைக்கும் 'கார்ட்டெல்' என்பதற்கு அச்சட்டத்தில் வரையறைகூட இல்லை.

இந்தக் குறையை வெளிப்படுத்தியது சோடா உப்பு வழக்கு. கண்ணாடி, சோப்பு ஆகியவற்றின் தயாரிப்புக்குத் தேவையான சோடா உப்பை அமெரிக்க உற்பத்தியாளர்கள் சிலர் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து இந்தியாவுக்கு அனுப்ப முற்பட்டனர். இந்திய உற்பத்தியாளர்களின் முறையீட்டின்பேரில் எம்.ஆர்.டி.பி. ஆணையம் தடை விதித்தது. 2002 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. வெளிநாட்டில் செய்துகொள்ளப்பட்ட ஓர் உடன்பாட்டின்மீது நடவடிக்கை எடுக்க அச்சட்டம் அதிகாரம் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். உலகச் சந்தைக்குக் கதவைத் திறந்த நாட்டின் சட்டம், எல்லைக்கு வெளியே நடப்பதைக் கேட்க முடியாத நிலையில் இருந்தது.

இதற்கு முன்பே, 1999 அக்டோபரில் எஸ்.வி.எஸ். ராகவன் தலைமையில் ஓர் உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டிருந்தது. பழைய சட்டத்தைத் திருத்துவதில் பயனில்லை, புதிய சட்டமே வேண்டும் என்று அக்குழு 2000 மே மாதம் பரிந்துரைத்தது.

2002 ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம்

போட்டிச் சட்டம் 2002 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2003 ஜனவரி 13 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இதன் அடிப்படை விதிகள் மூன்று.

பிரிவு 3, போட்டிக்கு எதிரான உடன்பாடுகளைத் தடை செய்கிறது. போட்டியாளர்கள் கூடி விலையைத் தீர்மானித்தாலோ, உற்பத்தியைக் குறைத்தாலோ, சந்தையைப் பங்கிட்டுக்கொண்டாலோ, ஒப்பந்தப்புள்ளியில் சேர்ந்து விளையாடினாலோ, அதனால் போட்டிக்குக் கேடு விளைந்தது என்றே சட்டம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியது அந்நிறுவனங்களின் பொறுப்பு.

பிரிவு 4, ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. ஆதிக்க நிலையில் இருப்பது குற்றமன்று. அதைக் கொண்டு நியாயமற்ற நிபந்தனைகளைத் திணிப்பதே குற்றம். பழைய சட்டத்துக்கும் புதிய சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கியுள்ளது.

பிரிவுகள் 5, 6 ஆகியவை பெரிய நிறுவனங்களின் இணைப்பையும் கையகப்படுத்தலையும் முன்கூட்டியே ஆராய்கின்றன.

இவற்றுடன், வெளிநாட்டில் நடந்த செயலானாலும் அதன் விளைவு இந்தியச் சந்தையில் இருந்தால் விசாரிக்கலாம் என்று பிரிவு 32 கூறுகிறது. சோடா உப்பு வழக்கில் தெரிந்த இடைவெளி இப்படி அடைக்கப்பட்டது.

சட்டம் வந்தும் ஆணையம் உடனே இயங்கவில்லை. நீதிமன்றம்போல் வழக்குகளைத் தீர்க்கும் ஓர் அமைப்புக்கு நீதித்துறையைச் சேர்ந்தவரே தலைவராக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. சட்டத்தைத் திருத்துவதாக அரசு உறுதியளித்ததை ஏற்று, 2005 ஜனவரியில் நீதிமன்றம் வழக்கை முடித்தது. 2007இல் வந்த திருத்தம், ஆணையத்தின் முடிவுகள்மீது மேல்முறையீடு செய்ய நீதிபதி தலைமையில் தனித் தீர்ப்பாயம் ஒன்றை ஏற்படுத்தியது. 2009 மே 20 அன்று பிரிவுகள் 3, 4 நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று எம்.ஆர்.டி.பி. சட்டம் நீக்கப்பட்டது. நிறுவன இணைப்பு பற்றிய விதிகள் 2011 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2017இல் மேல்முறையீட்டுப் பணி தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டது.

ஒரே விலை: தற்செயலா, உடன்பாடா?

புதிய சட்டத்தின் கடினமான பகுதி, கூடிப் பேசியதை மெய்ப்பிப்பது. அவ்வாறு பேசுபவர்கள் அதை எழுத்தில் வைப்பதில்லை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இந்திய உணவுக் கழகத்தின் ஒப்பந்தப்புள்ளி வழக்கு. கிடங்குகளில் உள்ள தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் பயன்படுகின்றன. 2009 மே மாதம் கழகம் கோரிய ஒப்பந்தப்புள்ளியில் எக்செல் கிராப் கேர், யுனைடெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக் கெமிக்கல்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் கிலோவுக்கு 388 ரூபாய் என்று ஒரே விலையைக் குறிப்பிட்டிருந்தன. மூன்றின் உற்பத்திச் செலவும் வேறு வேறு. அவை முந்தைய ஆண்டுகளிலும் பலமுறை ஒரே விலையைக் குறிப்பிட்டிருந்தன. இது தற்செயலாக இருக்க முடியாது என்று ஆணையம் முடிவு செய்தது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஏற்றுக்கொண்டது. இங்கே ஏமாற்றப்பட்டது பொது விநியோகத்துக்கான தானியத்தைக் காக்கச் செலவிடப்பட்ட அரசுப் பணம்.

எல்லாச் சந்தைகளிலும் இவ்வளவு தெளிவு கிடைப்பதில்லை. எதிரெதிரே உள்ள இரண்டு தேநீர்க் கடைகளில் ஒரே விலை இருப்பதால் இருவரும் கூடிப் பேசினர் என்று ஆகிவிடாது. ஒருவர் ஏற்றியதைப் பார்த்து மற்றவர் ஏற்றியிருக்கலாம். சில நிறுவனங்கள் மட்டுமே உள்ள தொழில்களில் இது இயல்பாகவும் நடக்கும். எனவே ஒரே விலை என்பதற்கு மேலாக வேறு சான்றுகளையும் ஆணையம் தேட வேண்டியுள்ளது.

சிமெண்ட், டயர்

இச்சிக்கல் முழுமையாக வெளிப்பட்டது சிமெண்ட் வழக்கில். கட்டுநர்களின் அகில இந்தியச் சங்கம் அளித்த முறையீட்டின்பேரில் விசாரணை நடந்தது. உற்பத்தித் திறன் கூடியிருந்தும் ஆலைகள் அதை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. விலை மட்டும் ஏறியது. சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்தின் கூட்டங்களை அடுத்து விலையேற்றம் நிகழ்ந்தது என்பன ஆணையம் கண்ட சான்றுகள். 2012 ஜூன் 20 அன்று 11 நிறுவனங்களுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சிமெண்ட்ஸ் (இன்றைய ராம்கோ) நிறுவனத்துக்கு 258.63 கோடியும், இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்கு 187.48 கோடியும் இதில் அடங்கும். நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன.

2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை நீக்கியது. விலை பற்றிய வாதம் அதற்குக் காரணமன்று. வாதங்களைக் கேட்ட நாட்களில் இல்லாத ஆணையத் தலைவர், இறுதி ஆணையில் கையொப்பமிட்டிருந்தார். வழக்கைக் கேட்டவரே முடிவு சொல்ல வேண்டும் என்பது இயற்கை நீதியின் அடிப்படை. ஆணையம் மீண்டும் விசாரித்து, 2016 ஆகஸ்டில் சுமார் 6,700 கோடி அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன.

டயர் வழக்கின் பாதையும் இதைப் போன்றதே. எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., பிர்லா ஆகிய ஐந்து நிறுவனங்களும் அவற்றின் சங்கமும் விலைத் தகவல்களைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்து செயல்பட்டன என்று ஆணையம் 2018 ஆகஸ்டில் முடிவு செய்தது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் எம்.ஆர்.எஃப். தொடுத்திருந்த வழக்கின் காரணமாக அந்த ஆணை மூன்றாண்டுகளுக்கு மேல் வெளியிடப்படாமல் இருந்தது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த பிறகு 2022 பிப்ரவரியில் அது வெளிவந்தது. மொத்த அபராதம் சுமார் 1,788 கோடி. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை மீண்டும் ஆணையத்துக்கே அனுப்பியது.

உள்ளிருந்து வரும் சாட்சி

எழுத்துச் சான்று கிடைக்காத இடத்தில், கூட்டத்தில் இருந்த ஒருவரே முன்வந்து உண்மையைச் சொல்வதுதான் சிறந்த வழி. அதற்காக 2009இல் அபராதக் குறைப்பு விதிமுறைகள் வந்தன. முதலில் வந்து உண்மைகளை முழுமையாகத் தெரிவிக்கும் நிறுவனத்துக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடியாகலாம்.

டார்ச் விளக்கிலும் வானொலியிலும் போடும் உலர் மின்கலங்களின் விலை பற்றிய வழக்கு இவ்வாறு வெளிவந்தது. பானசோனிக் நிறுவனம் தானே முன்வந்து தகவல் அளித்தது. 2018 ஏப்ரலில் எவரெடி நிறுவனத்துக்கு 171.55 கோடியும், 'நிப்போ' மின்கலங்களைத் தயாரிக்கும் சென்னையின் இண்டோ நேஷனல் நிறுவனத்துக்கு 42.26 கோடியும் அபராதம் விதிக்கப்பட்டது. பானசோனிக்கின் அபராதம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. 2021 செப்டம்பரில் முடிந்த பீர் நிறுவனங்கள் பற்றிய வழக்கிலும் இந்த முறையே உதவியது.

சிறியவர்களும் சேர்ந்தால்

அளவு முக்கியமன்று, செயலே முக்கியம் என்ற கொள்கை பெரிய நிறுவனங்களுக்குச் சாதகமானது என்று எண்ணத் தோன்றும். மருந்துக் கடைகள் பற்றிய வழக்குகள் அதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. ஒரு மருந்து நிறுவனம் ஓர் ஊரில் புதிய மொத்த விற்பனையாளரை நியமிக்க, அவ்வூர் மருந்து வணிகர் சங்கத்திடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும் என்ற வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. சான்று இல்லாமல் நியமித்தால் அந்நிறுவனத்தின் மருந்துகள் புறக்கணிக்கப்படும் என்ற அச்சம் இருந்தது. இவ்வழக்கம் போட்டியைத் தடுக்கிறது என்று ஆணையம் பல ஆணைகளில் கூறியது. அங்காடித் தெருவில் உள்ள ஒரு மருந்துக் கடைக்காரர் பழைய சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்திருக்கவே மாட்டார். ஆனால் அவரைப் போன்ற பலர் சங்கமாகச் சேரும்போது, பெரிய மருந்து நிறுவனத்தையும் பணியவைக்க முடிந்தது.

மேற்கு வங்கத்தில் மொழிமாற்றம் செய்யப்பட்ட மகாபாரதத் தொடரை ஒளிபரப்பக் கூடாது என்று கலைஞர், தொழில்நுட்பப் பணியாளர் கூட்டமைப்பு எதிர்த்த வழக்கிலும், அது போட்டிச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது.

வீடும் நிலக்கரியும்

பிரிவு 4இன்கீழ் வந்த பெரிய தொடக்க வழக்கு டி.எல்.எஃப். நிறுவனத்தைப் பற்றியது. குர்கானில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களின் சங்கம் முறையிட்டது. 19 மாடிகள் என்று சொல்லி விற்ற கட்டடம் 29 மாடிகளாக உயர்ந்தது. வாங்குபவர் தவணையில் தாமதித்தால் கடும் வட்டி. கட்டுநர் தாமதித்தால் பெயருக்கு ஓர் இழப்பீடு. ஒப்பந்தத்தை மாற்றும் உரிமை ஒரு தரப்புக்கு மட்டுமே இருந்தது. 2011 ஆகஸ்டில் ஆணையம் 630 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. இத்தகைய ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களைப் பொதுவாகவே கட்டுப்படுத்தும் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் பின்னர் 2016இல் வந்தது.

நிலக்கரியில் கேள்வி வேறு. கோல் இந்தியா நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகவே முற்றுரிமை பெற்ற அரசு நிறுவனம். மின் நிலையங்களுக்கு நியாயமற்ற நிபந்தனைகளுடன் தரம் குறைந்த நிலக்கரி தந்தது என்ற புகாரில் அதற்கு 2013இல் அபராதம் விதிக்கப்பட்டது. பொதுநலத்துக்காக ஏற்பட்ட நிறுவனத்துக்குப் போட்டிச் சட்டம் பொருந்தாது என்று அது வாதிட்டது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. எம்.ஆர்.டி.பி. காலத்தில் தொட முடியாமல் இருந்த அரசு முற்றுரிமை, இப்போது சட்டத்தின்முன் நிற்க வேண்டியதாயிற்று.

இணையச் சந்தை

2012இல் சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனமும், 'கட்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பும் கூகுள்மீது ஆணையத்திடம் முறையிட்டன. 2018 பிப்ரவரியில் வந்த ஆணை, விளம்பரம் பற்றிய குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. ஆனால் தேடல் முடிவுகளைக் காட்டும் முறையில் கூகுள் தன் சேவைகளுக்குச் சலுகை அளித்தது என்று கண்டு 135.86 கோடி அபராதம் விதித்தது.

2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு கைபேசிகள் பற்றிய வழக்கில் 1,337.76 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் அதனுடன் பிளே ஸ்டோர் வேண்டுமானால் கூகுளின் பிற செயலிகளையும் சேர்த்தே பதிய வேண்டும் என்ற நிபந்தனையே பிரச்சினை. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்து, ஆணையத்தின் கட்டளைகளில் சிலவற்றை நீக்கியது.

இங்கே பழைய அளவுகோல்கள் பொருந்துவதில்லை. சிமெண்ட் மூட்டைக்கு விலை உண்டு. தேடலுக்கு விலை இல்லை. 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் வாட்ஸப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் வாட்ஸப்பின் வருவாய் மிகக் குறைவு. சொத்தையும் விற்றுமுதலையும் மட்டும் பார்க்கும் இணைப்பு விதிகளின் வலையில் இத்தகைய பேரங்கள் சிக்குவதில்லை என்பதை இது காட்டியது.

2023 ஆம் ஆண்டுத் திருத்தம்

இக்குறைகளைக் களையப் போட்டிச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. பேரத்தின் மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான வணிகமும் இருந்தால் ஆணையத்தின் அனுமதி தேவை என்ற விதி 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நிறுவன இணைப்பை ஆராயும் கால வரம்பு 210 நாட்களிலிருந்து 150 நாட்களாகக் குறைந்தது. நீண்ட வழக்காடலுக்கு மாற்றாகச் சில வழக்குகளைச் சமரசமாக முடிக்கவும் வழி செய்யப்பட்டது.

அபராதக் கணக்கும் மாறியது. உணவுக் கழக வழக்கின் தீர்ப்பில், தவறு நடந்த பொருளின் விற்றுமுதலை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அதனால் பல பொருள்கள் விற்கும் பெரிய நிறுவனங்களின் அபராதம் வெகுவாகக் குறைந்தது. புதிய திருத்தம், ஒரு நிறுவனத்தின் உலகளாவிய மொத்த விற்றுமுதலின் அடிப்படையில் உச்ச வரம்பை வகுக்கிறது.

மதிப்பீடு

பெரியதாக இருப்பதே குற்றம் என்ற நிலையிலிருந்து, தவறு செய்தால் மட்டுமே குற்றம் என்ற நிலைக்கு இந்தியா வந்தது நியாயத்தின் பக்கம் எடுத்து வைத்த அடி என்பதில் ஐயமில்லை. தனியார், பொதுத்துறை, சங்கம், வெளிநாட்டு நிறுவனம் என்ற வேறுபாடின்றி ஒரே அளவுகோல் பொருந்துவதும் இதனால்தான்.

ஆனால் இந்த நியாயத்துக்கு ஒரு விலை உண்டு, அது காலம். சிமெண்ட் வழக்கு 2010இல் தொடங்கி, ஆணையத்தையும் தீர்ப்பாயத்தையும் இரண்டு முறை கடந்து உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த விலையில் மூட்டை வாங்கி வீடு கட்டியவர் எப்போதோ குடிபுகுந்துவிட்டார். சட்டப்படி அவர் இழப்பீடு கோரலாம்; ஆனால் ஆணையத்தின் முடிவு மேல்முறையீட்டில் நிற்கும்வரை காத்திருந்து, தான் கூடுதலாகக் கொடுத்தது எவ்வளவு என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். ஒரு சில மூட்டை வாங்கியவர் அதற்கு முற்படுவது அரிது. வசூலாகும் அபராதமும் அரசின் தொகுப்பு நிதிக்கே செல்கிறது.

ஆகவே போட்டிச் சட்டத்தின் உண்மையான பயன் அடுத்த முறை கூடிப் பேசுவதற்கு முன் நிறுவனங்கள் தயங்குவதில் உள்ளது. தயக்கம் வர வேண்டுமானால், தவறுக்கும் தண்டனைக்கும் இடையே உள்ள தொலைவு குறைய வேண்டும். 1969 ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்க இயலாததால் தோற்றது. 2002 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் உரிய காலத்தில் பயன் தருமா என்பதே அதன்முன் உள்ள சோதனையாகும்.